மெருகும் மறுவும்

குற்றம் காண்பது தமிழாசிரியனுக்குத் தொழில். நாடோறும் மாணவரின் கட்டுரைக் கொப்பிகளைச் சிவப்பு மையாற் கோடிட்டுத் திருத்தும் ஒருவன், மோட்டார்க் காரின் வண்ணப்பூச்சிலுள்ள குற்றங்களைப் பற்றி யூபிலி மலருக்கு எழுதப் புகுந்தமை சிலருக்கு நகையை விளைத்தல் கூடும். ஆயினும், 2025ஆம் ஆண்டு மார்கழி விடுமுறையிலே அவ்விடயத்தில் யான் கண்டும் கேட்டும் அறிந்தவை வகுப்பறைக்கும் பயன்படுவன என்று தோன்றியமையால் எழுதலானேன்.

என் தமக்கையாரின் மகன் நம் கல்லூரியின் பழைய மாணவன்; கொழும்பிலே பொறியியலாளனாகப் பணிபுரிகின்றான். இளமை தொட்டே விளையாட்டுக் கார்மீது அவனுக்குத் தீராத ஆசை. 2020இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 மாசியில் மீண்டும் தொடங்கிய போதும், புதிய காரின் விலை அவன் கைக்கு எட்டவில்லை. ஆதலின், ஏழாண்டுச் சேமிப்பைக் கொடுத்து, முன்னரே இந்நாட்டில் ஓடிய, இருவர் மாத்திரம் இருந்து செல்லத்தக்க சிவப்புக் கார் ஒன்றை வாங்கினான். முதலில் ஒரு வீட்டுக்கு வழிசெய்யுமாறு கூறிய தாயின் சொல்லையும் அவன் கேட்டிலன்.

விற்றவர் வீட்டுக் கொட்டகையிலே, அந்திப்பொழுதில், அக்கார் கண்ணாடிபோல் மின்னியதாம். மறுநாட் காலை வெயிலில் நிறுத்தியபோதோ, மேற்பரப்பெங்கும் சிலந்திவலை போன்ற நுண்கீறல்கள். கதவிலே நீண்ட கீறல் ஒன்று. முன்விளிம்பிற் கல் தெறித்த புள்ளிகள். இடப்புறப் பின் மட்காட்டிலே தோடம்பழத்தோல் போன்ற மேடுபள்ளம். நான் கொழும்பு சென்றிருந்த அன்று அவன் முகம் வாடியிருந்தது. "தைப்பொங்கலுக்கு அம்மா வாறா, மாமா. நான் ஏமாந்து போனன் எண்டு அவவுக்கு எப்பிடிச் சொல்லுறது?" என்றான். கடன்பட்டேனும் கார் முழுவதற்கும் புதுப் பூச்சடித்துவிட வேண்டும் என்பது அவன் எண்ணம்.

தெகிவளையில், பூச்சுவேலையிலே நரைகண்ட ஒரு 'பாஸ்' இருந்தார். அவரிடம் இருவரும் சென்றோம். அவர் காரைச் சுற்றிவந்து நோக்கி, "முதலிற் கழுவுவோம், பிறகு பேசுவோம்" என்றார். இரண்டு வாளிகள், ஒன்றிற் சவர்க்கார நீர், மற்றையதில் துணியை அலசும் நீர். அழுக்குத் துணியாலேயே மீண்டும் மீண்டும் துடைப்பதுதான் அச்சிலந்திவலைக் கீறல்களுக்குத் தாய் என்றார். பின்னர் மெல்லிய பொலித்தீன் பையினுட் கையை விட்டுப் பூச்சைத் தடவுமாறு எனக்குப் பணித்தார். வெறுங்கைக்குத் தோன்றாத சொரசொரப்பு அப்போது நன்கு தோன்றிற்று. களிபோன்ற ஒருவகைப் பசைக்கட்டியை வழுக்குநீர் தெளித்து உருட்ட, ஒட்டியிருந்த தூசும் இரும்புத்துகளும் அதனோடு வந்தன. குற்றங்களிற் பல பூச்சின் குற்றங்களே அல்ல. அதன்மேல் வந்து தங்கியவை.

எஞ்சியவற்றை ஆராயுமுன் பூச்சின் அமைப்பை விளக்கினார். இக்காலக் காருக்கு இரும்பின்மேல் துருத்தடுப்புப் பூச்சு, அடிப்பூச்சு, நிறப்பூச்சு, அதன்மேல் நிறமற்ற தெளிபூச்சு எனப் பல படைகள் உண்டு. அனைத்தும் சேர்ந்தும் பெரும்பாலும் 100 முதல் 150 மைக்குரோன் அளவே. தெளிபூச்சு ஏறக்குறைய 40 அல்லது 50. மனிதரின் தலைமயிர் ஒன்றின் தடிப்பு ஏறத்தாழ 70 மைக்குரோன் எனின், மின்னும் அழகெல்லாம் ஒரு மயிரிழைக்கும் குறைந்த தடிப்பிலே தங்கியிருத்தல் விளங்கும். மெருகிடுதல் என்பது கீறலை நிரப்புதலன்று. கீறலின் அடிமட்டத்தை நோக்கிச் சுற்றியுள்ள பூச்சைத் தேய்த்துக் குறைத்தலேயாம். தேய்த்ததை மீளவும் வைத்தல் இயலாது. வெயிலின் கொடுமையைத் தாங்குவதும் அத்தெளிபூச்சே.

அடுத்து, தடிப்பை அளக்கும் சிறு கருவியைக் கொண்டுவந்து ஒவ்வோரிடமாக வைத்தார். மற்றெல்லாப் பாகங்களிலும் 105க்கும் 125க்கும் இடைப்பட்ட எண். அந்தப் பின் மட்காட்டிலோ 290. அவர் முகத்திற் சிரிப்பு மறைந்தது. "இது பெயின்றின் கதை இல்லை, தம்பி, கீழே பார்க்கவேணும்" என்று காரை உயர்த்தினார். மறுபூச்சின்கீழ் நசுங்கிய உடற்சட்டம் இருப்பின், பூச்சின் அழகால் உயிருக்கு யாது பயன்? மருமகன் வாய் பேசாது நின்றான். பெட்டித்தளம், ஒட்டுமுனைகள், கதவிடைவெளி யாவற்றையும் அரைமணி நேரம் விளக்குப் பிடித்துச் சோதித்தபின், "சட்டத்துக்குப் பழுதில்லை, தோலிலேதான் அடி" என்றார் பெரியவர். எங்களுக்கு மூச்சு வந்தது.

பின்பு செய்தவை சிலவே. நிழலில், குளிர்ந்த பரப்பிலே, ஓரடிச் சதுரத்தில் மிக மென்மையான பசையால் முதலிற் சோதித்தார். அதுவே போதுமென்று கண்டபின் வன்மையான பசையைத் தொடவில்லை. கல் தெறித்த புள்ளிகளுக்கு, கதவோரத் தகட்டிலுள்ள நிற எண்ணுக்கு இசைந்த வண்ணத்தை நுண்தூரிகையால் படைபடையாக வைத்தார். விட்டால் கடற்காற்றிலே துருவேறும். கதவுக் கீறலில் நகத்தை வைத்து இழுத்தார், நகம் சிக்கிற்று. "இதை எடுக்கலாம்; எடுத்தால் பூச்சு மிஞ்சாது. இருக்கட்டும்" என்றார். முழுக் காருக்கும் பூச்சடிக்க மறுத்துவிட்டார். தமக்கு வரக்கூடிய பெருங்கூலியைத் தாமே தள்ளிய அம்மனிதரை யான் மறவேன்.

மருமகன் அளவெண்களை எழுதிக்கொண்டு, விற்றவரிடம் சென்று, கடுஞ்சொல்லின்றி எடுத்துக் காட்டினான். முதலில் மறுத்த அவர், பின்னர் ஒழுங்கையொன்றிற் பேருந்து உரசியதை ஒப்புக்கொண்டு விலையில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்தார். 2026 தைப்பொங்கலுக்கு வந்த தமக்கையாரின் கண் முதலிற் பட்டது அக்கதவுக் கீறலிலேதான். மகன் நடந்தவற்றை ஒளியாது கூறினான். "காரைவிட நீ உண்மை சொன்னதுதான் எனக்குப் பெரிசு" என்று கூறிப் பொங்கற்பானையைக் கவனிக்கச் சென்றார் அவர்.

மாணவர் எழுத்திலும் இந்நால்வகைக் குற்றமும் உள. மேலே படிந்த அழுக்குப்போல்வது கவனக்குறைவு, கழுவினாற் போம். நுண்கீறல் போல்வது எழுத்துப்பிழை. மென்மையாகத் தேய்த்தல் வேண்டும். மட்காட்டின் மறுபூச்சுப் போல்வது பிறர் எழுதியதைத் தனதாகக் காட்டும் பொய். அதனை அடிவரை சென்று ஆராயாது விடலாகாது. கதவுக் கீறல் போல்வது அவனவன் இயல்பாய் அமைந்த குறை. அதனையும் தேய்த்தே தீர்வேன் என்று புகும் ஆசிரியன், பிள்ளையின் ஊக்கமாகிய மேற்பூச்சையும் சேர்த்துத் தேய்த்துவிடுவான். நன்னூலார் நூலுக்குப் பத்துக் குற்றம் வகுத்தவர். பத்து அழகும் உடன் வகுத்தார். சிவப்பு மை ஏந்தும் கைகள் இரண்டையும் எண்ணுவனவாக.