குடிக்காதவருக்கும் கல்லீரல் கெடுமா?

ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில் அப்பர் தைக்கும் ஒருவர். குடிப்பழக்கமே கிடையாது. ரத்தப் பரிசோதனையில் ஜிஜிடி என்ற கல்லீரல் நொதி அதிகம் என்று வந்தது. மனைவி கேட்ட முதல் கேள்வி: "குடிக்கிறீங்களா?" பாவம், அவமானத்தில் ரிப்போர்ட்டையே ஒளித்துவிட்டார்.

குடி மட்டும்தான் காரணமா? இல்லை. நாள் முழுக்க உட்கார்ந்தே வேலை, தொப்பை, சர்க்கரை என்று கல்லீரலில் கொழுப்பு சேர்ந்தாலும் ஜிஜிடி ஏறும். ஆஸ்திரியாவில் 1,63,944 பேரைப் பல ஆண்டுகள் கவனித்து 2005-இல் வெளியான ஆய்வில், ஜிஜிடி கூடக்கூட இதயநோயால் இறக்கும் அபாயமும் கூடியது. நொதியே இதயத்தைக் கெடுக்கிறது என்று அர்த்தமில்லை. அது ஓர் எச்சரிக்கை மணி.

பேலன்ஸ் ஷீட்டில் ஓர் எண் இடித்தால் முழுக் கணக்கையும் பார்ப்பதில்லையா நண்பர்களே? அவருக்கும் பிரஷர், சுகர், கொலஸ்ட்ரால் எல்லாம் பார்க்க வேண்டும். ஒளித்த ரிப்போர்ட்டை முதலில் டாக்டரிடம் காட்டட்டும்.