குண்டே இல்லாம குனிஞ்ச துப்பாக்கி!

பம்மல்ல எங்க தெருவுக்கு என் பேரு இப்போ ‘துப்பாக்கி’. ‘‘என்னப்பா துப்பாக்கி, இன்னிக்கு எத்தனை பேரு காலி?’’ என்று டீக்கடை அண்ணன் தினமும் கலாய்க்கிறார். பாஸ், நான் சுடுறது மனுஷங்களை இல்லை. பத்து மீட்டர் தள்ளி மாட்டியிருக்கிற ஓர் அட்டையை! 4.5 மி.மீ. பெல்லட் போடுற ஏர் பிஸ்டல். அட்டையின் நடுவில் பத்து பாயின்ட் வட்டத்தின் விட்டம் 11.5 மி.மீ.தான். சட்டை பட்டன் சைஸ். நின்றபடி, ஒத்தைக் கையை நீட்டி அதைத் துளைக்கணும்.

வேளச்சேரிக்கு பஸ் மாறிப் போய், ரெண்டு மாசம் கிளப் பிஸ்டல்ல பழகினேன். அப்புறம் அப்பா பி.எஃப். லோன் போட்டு, லட்ச ரூபாய்க்கு மேல் கொடுத்துப் புது பிஸ்டல் வாங்கித் தந்தார். ஆசையா சுட்டா... எல்லாமே இடது பக்கம் கீழே! ஏழு, ஆறு, மறுபடி ஏழு. சைட்டைத் திருகித் திருகிப் பார்த்தேன். ம்ஹூம்!

2021-ல் டோக்கியோ ஒலிம்பிக்ஸ் தகுதிச் சுற்றில் மனு பாக்கரோட பிஸ்டல் பாதியில் பழுதாகி, ஃபைனல் வாய்ப்பே போனது. ‘அவங்களுக்கே அப்படின்னா, நான் எம்மாத்திரம்?’ என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். அதோட விட்டிருக்கலாம். ராத்திரி சாப்பிடும்போது, ‘‘வேற கம்பெனி வாங்கியிருக்கணும்ப்பா. இது சரியில்லை’’ என்று சொல்லித் தொலைத்தேன். அப்பா ஒண்ணும் பேசலை. பாதிச் சோற்றோடு தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

மறுநாள் கோச் ஒரு டெஸ்ட் வைத்தார். பிஸ்டலை அவரே லோட் பண்ணித் தருவார். சில தடவை பெல்லட் போடாமலும் தருவார். எது எப்போன்னு எனக்குத் தெரியாது. மூணாவது தடவை ட்ரிகரை அழுத்தினேன். உள்ளே பெல்லட் இல்லை. ஆனா, பிஸ்டல் முனை படக்குனு இடது பக்கம் கீழே குனிஞ்சது!

‘‘பத்து வாங்கணும்னு அவசரம் தம்பி. கண்ணு அட்டைக்கு ஓடுது, விரல் ட்ரிகரை வெடுக்குனு இழுக்குது. முன் சைட்டைப் பாரு. அட்டை மங்கலாத் தெரியட்டும்’’ என்றார்.

இன்ஜினீயரிங் மூளை உடனே கணக்குப் போட்டது. முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் நடுவே சுமார் 33 செ.மீ. முன் சைட் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால், பத்து மீட்டரில் 30 மி.மீ. தள்ளிப் போகும். பத்து, ஏழாகிடும்! ட்ரிகரை அழுத்த அரை கிலோ விசை போதும். அதைத்தான் நான் கிணத்துல தண்ணி இறைக்கிற மாதிரி இழுத்திருக்கேன்.

மனு பாக்கர் 2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸில் ரெண்டு வெண்கலம் ஜெயித்தார். அவருக்குப் பழுதானது நிஜமாவே பிஸ்டல். எனக்கு?

இப்போ தினமும் அரை மணி நேரம் பெல்லட் இல்லாம வெறும் ட்ரிகர் பயிற்சிதான். ஏழு போய் எட்டு, ஒன்பது வருது. பத்து எப்பவாவது எட்டிப் பார்க்குது.

அன்னிக்கு ராத்திரியே அப்பா பக்கத்துல போய் உட்கார்ந்தேன். ‘‘பிஸ்டல் நல்லாத்தான் இருக்குப்பா. என் விரல்லதான் கோளாறு.’’

அப்பா டி.வி-யில் இருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்: ‘‘அதை ரிப்பேர் பண்ண எவ்வளவுடா ஆகும்?’’