ஒருவரைக் கொண்டு பலரை அளப்பதா?

1998 பிப்ரவரி 14 அன்று கோவையில் அடுத்தடுத்துக் குண்டுகள் வெடித்தன. 58 உயிர்கள் மாண்டன. அதற்கு முன், 1997 நவம்பர் இறுதியில் போக்குவரத்துக் காவலர் ஒருவர் கொல்லப்பட்டதும், தொடர்ந்த கலவரத்தில் இசுலாமியர் 18 பேர் மாண்டதும் நம் நகரின் ஆறாத வடுக்கள்.

அந்நாள்களில் நாம் குருமடத்தில் இறையியல் பயின்றுகொண்டிருந்தோம். அங்கி தைக்கக் கோட்டைமேட்டில் ஒரு பாயிடம் துணி கொடுத்திருந்தோம். குண்டுவெடிப்புக்குப் பின் அதை வாங்கிவரக் கால் எழவில்லை. நாளிதழ்களில் நாள்தோறும் அல்-உம்மா என்னும் பெயர். அப்பெயருக்குள் கோட்டைமேடு முழுவதையும், அந்தத் தையற்காரரையும் சேர்த்தே அடைத்துவிட்டோம். இரண்டு மாதங்கள் கழித்துச் சென்றபோது, அங்கியை மடித்துத் தாளில் சுற்றி வைத்திருந்தார். "ஏனுங்க தம்பி, உங்களுக்குமா எங்க மேல பயம்?" என்றார். "உங்களுக்குமா" என்ற அச்சொல் இன்றும் நம்மைச் சுடுகிறது.

ஒரு சிறு கூட்டம் பெருஞ்சமூகத்தின் முகமாவது எவ்வாறு? வெறிப்பேச்சு செய்தியாகிறது, காலையில் அமைதியாகக் கடை திறப்பவர் செய்தியாவதில்லை. அரசியலாரும் எதிரணியில் கடுமையாகப் பேசுபவரையே தேடிப்பிடித்து, "அவர்கள் எல்லாருமே இப்படித்தான்" என்கின்றனர். நிதானமான எதிராளிக்குப் பதில் சொல்வதைவிட அது எளிதன்றோ?

2021 ஜூலையில் அதே அளவுகோல் நம் பக்கம் திரும்பிற்று. குமரி மாவட்டம் அருமனையில் குரு ஒருவர் ஆற்றிய உரை பிற சமயத்தாரைப் புண்படுத்தியதாக வழக்காகி, அவர் கைதானார். "உங்கள் சபை போதிப்பது இதைத்தானா?" என்று நம்மிடம் சிலர் கேட்டனர். "அது ஒருவரின் பேச்சு" என விளக்கினோம். விளக்கும்போதே பாயின் முகம் நினைவில் எழுந்தது. விளக்கம் சொல்லும் வாய்ப்பைக்கூட அவருக்கு நாம் அன்று அளிக்கவில்லையே!

2022 அக்டோபர் 23 அன்று கோட்டை ஈசுவரன் கோயில் அருகே கார் வெடித்தது. பின்னர் அப்பகுதி ஜமாஅத்தார் அக்கோயிலுக்கே சென்று தம் நல்லிணக்கத்தைத் தெரிவித்தனர். வெடிப்பு நம் அனைவருக்கும் நினைவிருக்கிறது. அந்த வருகை எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது?

இயேசுவின் பன்னிருவருள் தீவிரவாதி எனப்பட்ட சீமோன் இருந்தார். காட்டிக்கொடுத்த யூதாசும் இருந்தான். அவ்விருவரை மட்டும் கண்டு உலகம் மற்றவர்களை அளந்திருந்தால், நற்செய்தியைக் கேட்க யார் முன்வந்திருப்பர்?

அன்பர்களே, அடுத்த முறை ஒப்புரவு அருளடையாளத்திற்கு முன் ஆன்ம சோதனை செய்கையில் இக்கேள்வியையும் சேர்த்துக்கொள்வோம்: யாருடைய குற்றத்தை யார் தலையில் ஏற்றினோம்?