வரப்பில் கிடக்கும் பாட்டில்

நாற்று நடும் பெண்கள் செருப்பில்லாமல்தான் சேற்றில் இறங்குகிறார்கள். இரவில் யாரோ குடித்துவிட்டு உடைத்துப் போட்ட பாட்டில் பாதத்தைக் கிழித்தால், அந்த நடவுக் கூலியே போய்விடும். காட்டில் யானைக்கும் இதே கதிதான். அதனால்தான் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னபடி, 2022 மே மாதம் நீலகிரியில் ஒரு திட்டம் வந்தது. டாஸ்மாக் கடையில் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொண்டுவந்தால் திருப்பித் தருகிறார்கள். காசு என்று ஆனதும் அதை வீசி எறிய மனம் வருவதில்லை.

உடையாத பாட்டில் வீட்டுக்கும் உதவும். வெந்நீரில் சலவை சோடா கரைத்து ஓர் இரவு ஊறவைத்தால் லேபிள் உரிந்துவிடும். உள்ளே கொஞ்சம் அரிசியும் தண்ணீரும் விட்டுக் குலுக்கினால் அடியில் ஒட்டிய அழுக்கு வந்துவிடும். கொதிநீரை நேராக ஊற்றினால் கண்ணாடி விரிசல் விடும். கவிழ்த்துவைத்து, ஈரம் போகக் காய்ந்த பிறகே எண்ணெயோ தேனோ ஊற்ற வேண்டும். ஈரம் இருந்தால் தேன் புளித்துவிடும்.

ஒன்று மட்டும் கூடாது. மிச்சப் பூச்சிமருந்தை மது பாட்டிலில் ஊற்றிப் பரணில் வைக்கும் வீடுகள் உண்டு. இருட்டில் கை நீட்டுகிறவருக்கு எது மருந்து, எது சாராயம் என்று தெரியாது. மருந்து அதன் சொந்த டப்பாவிலேயே, பூட்டிய இடத்தில் இருக்கட்டும்.