மனாங்கில் நின்றவர்கள்

2014 அக்டோபர் 8, சாமே (2,670 மீட்டர்)

ஆசிரியை, வங்கிக்காரர், அண்ணன், தம்பி என நால்வரும் இன்று துணி துவைத்தார்கள். மர்ஸ்யாங்டி ஆறு விடுதிக்குப் பின்னால் இரைந்துகொண்டே இருக்கிறது. பெசிசஹரிலிருந்து அந்த ஆற்றை எதிர்த்து ஏறிவரும் அன்னபூர்ணா சுற்றுப்பாதை, 5,416 மீட்டர் உயரத்தில் தோராங் லா கணவாயைத் தாண்டி முக்திநாத்தில் இறங்குகிறது. 108 திவ்ய தேசங்களில் ஒன்றான சாளக்கிராமம் அதுதான் என்பது வைணவ மரபு. அங்கே தீர்த்தம் பிடித்துவர, ஆசிரியையிடம் அவர் அம்மா ஒரு செப்புச் சொம்பைக் கொடுத்தனுப்பியிருக்கிறார். மற்ற மூவருக்கும் முக்திநாத்தைவிடக் கணவாய்தான் முக்கியம். அண்ணனும் தம்பியும் ஒன்றாகப் பல வருஷம் பணம் சேர்த்து வந்திருக்கிறார்கள். வங்கிக்காரர் அவர்களுடைய பால்ய நண்பர்.

அக்டோபர் 10, பிசாங்

காலையில் அன்னபூர்ணா இரண்டாம் சிகரம் அடி முதல் நுனி வரை தெரிந்தது. தம்பி படம் எடுக்கக்கூட மறந்து நின்றான்.

அக்டோபர் 12, மனாங் (3,540 மீட்டர்)

வங்கிக்காரருக்கு நேற்று ராத்திரியிலிருந்து தலைவலி. காலையில் பக்வீட் ரொட்டியை ஒரு வாய் தின்றுவிட்டுத் தட்டைத் தள்ளினார். "ஒண்ணுமில்ல, தூக்கம் சரியில்ல" என்றார். ஆசிரியை விடவில்லை. இமாலய மீட்புச் சங்கம் இந்த ஊரில் நடத்தும் சிகிச்சை மையத்துக்குக் கையோடு கூட்டிப்போனார்.

அங்கே மருத்துவர் சொன்னது எளிமையானது. 3,000 மீட்டருக்கு மேலே போனபின், இன்று படுக்கும் இடம் நேற்றுப் படுத்த இடத்தைவிட 500 மீட்டருக்கு மேல் உயரக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஒரே இடத்தில் தங்க வேண்டும். கணவாயில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறையப் பாதிதான். தலைவலியோடு மேலே ஏறினால் மூளையிலோ நுரையீரலிலோ நீர் கோத்துக்கொள்ளலாம். அப்போது கீழே இறக்குவதுதான் முதல் வைத்தியம்.

சாயங்காலம் பேச்சு முற்றியது. தம்பிக்கு லீவு முடிகிறது, திரும்பும் டிக்கெட்டை மாற்ற வழியில்லை. "அண்ணே, நீங்க சரியானதும் மெதுவா வாங்க. நாங்க முன்னாடி போறோம்" என்றான். வங்கிக்காரர், "எனக்காக யாரும் நிக்க வேண்டாம்ப்பா" என்றார். அதைச் சொல்லும்போது அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. "சேர்ந்து வந்தோம், சேர்ந்தே போவோம்" என்றார் ஆசிரியை. தம்பி பதில் சொல்லாமல் பையை அடுக்கினான். அவனைத் தனியே விட மனமில்லாமல் அண்ணனும் அடுக்கினார்.

இடையில் அண்ணன் வீட்டுக்குப் போன் போட்டிருந்தார். விசாகப்பட்டினத்தில் புயல் கரையைக் கடந்துவிட்டதாம், மரமெல்லாம் சாய்ந்து கிடக்கிறதாம். அங்கிருக்கும் சொந்தக்காரர்களை நினைத்து எல்லோரும் கவலைப்பட்டார்கள்.

அக்டோபர் 13

இருவரும் விடியுமுன் கிளம்பினார்கள். யாக் கார்க்காவில் தங்குவதாகச் சொன்னார்கள். முடிந்தால் கணவாய்க்கு அடியிலுள்ள தோராங் பேடி வரைக்கும். மத்தியானத்துக்குமேல் வானம் மூடிக்கொண்டது.

அக்டோபர் 14

பனி. கண் விழித்தபோது ஜன்னல் பாதி மறைந்திருந்தது.

மனாங் வீடுகளுக்குத் தட்டையான மண்கூரை. பனி தங்கினால் ஊறி ஒழுகும், பாரம் ஏறினால் உட்கார்ந்துவிடும். அதனால் விடுதிக்கார அம்மா காலையிலேயே மரத்துடுப்போடு மேலே ஏறினார். ஆசிரியையும் போனார். வாரித் தள்ளத் தள்ள, பின்னாலேயே அடுத்த அடுக்கு விழுந்தது. அந்த அம்மா ஒரு தடவைகூட நிமிரவில்லை. கூரையின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு வரிசை பிசகாமல் போனார், திரும்ப முதலிலிருந்து தொடங்கினார். எதிரே கங்காபூர்ணா இருந்த திசையில் வெள்ளையைத் தவிர ஒன்றுமில்லை. பனிச்சரிவின் முழக்கம் மட்டும் விட்டு விட்டுக் கேட்டது.

வங்கிக்காரருக்குத் தலைவலி போய்விட்டது. அவர் அடுப்பருகே உட்கார்ந்து, இருவரும் யாக் கார்க்காவில் இருப்பார்களா, பேடியில் இருப்பார்களா என்று மணிக்கணக்கைக் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தார். பேடிக்குப் போயிருந்தால் இந்நேரம் கணவாயில் இருப்பார்கள். சாயங்காலம் வரை அவர் சாப்பிடவில்லை. ஆசிரியை அவரிடம் எதுவும் கேட்கவில்லை.

அக்டோபர் 15

வானம் வெளுத்துவிட்டது. ஹெலிகாப்டர்கள். கணவாயில் ஆட்கள் இறந்துவிட்டதாகச் சொல்கிறார்கள். எத்தனை பேர், யார் யார் என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

அக்டோபர் 16

இருவரும் மத்தியானம் வந்து சேர்ந்தார்கள்.

யாக் கார்க்காவைத் தாண்டவில்லை. 14ஆம் தேதி காலை தம்பி ஷூவைக் கட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தபோது, விடுதிக்காரர் மறித்திருக்கிறார். "இன்றைக்கு நான் யாக்கையே வெளியே விடவில்லை" என்றாராம். அவ்வளவுதான். அண்ணன் இதைச் சொல்லி முடிக்கும் வரை தம்பி சுவரையே பார்த்திருந்தான். மன்னிப்பு, நன்றி என்று யாரும் எதுவும் பேசவில்லை. ராத்திரி எல்லோரும் இரண்டு தடவை தால் பாத் வாங்கிச் சாப்பிட்டார்கள்.

அக்டோபர் 18

கீழே இறங்குகிறார்கள். வங்கிக்காரரின் பையையும் தம்பியே சுமக்கிறான். மறுபடி மேலே போய்க் கணவாயைக் கடந்துவிடலாம் என்று அண்ணன் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். ஆசிரியைக்குக் கோபம் வந்துவிட்டது. அதற்குப் பிறகு அவரும் அண்ணனும் பேசிக்கொள்ளவில்லை. முக்திநாத் இல்லை, தீர்த்தம் இல்லை.

அக்டோபர் 21, காத்மாண்டு

பழைய செய்தித்தாள்களை விரித்து வைத்துப் படித்தார்கள். விசாகப்பட்டினத்தில் 12ஆம் தேதி கரையேறிய ஹுட்ஹுட் புயல்தான், வலுக்குறைந்து வடக்கே வந்து இமயத்தில் மோதிப் பனியாகக் கொட்டியிருக்கிறது. வங்கக்கடலில் உருவான புயல் அது; அதன் போக்கை வானிலைத் துறை நாள்தோறும் அறிவித்துவந்தது. அந்த அறிவிப்பு பாதையில் நடந்தவர்களில் பலருக்குப் போய்ச் சேரவில்லை. 14ஆம் தேதி காலை வழக்கம்போலக் கூட்டம் கூட்டமாகக் கணவாய்க்கு ஏறியிருக்கிறார்கள். மேலே இருந்த டீக்கடையில் ஒதுங்கியவர்களில் சிலர், இடுப்பளவுப் பனியில் முக்திநாத் பக்கம் இறங்கும்போது வழி தெரியாமல் விறைத்துப் போனார்கள்.

அண்ணன் அந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்தார். 12ஆம் தேதி தான் போட்ட போனைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

2023 ஏப்ரல்

இடையில் பல வருஷம் எழுதப்படவில்லை. அண்ணனும் ஆசிரியையும் இப்போது பண்டிகைக்கு வாழ்த்துச் சொல்லிக்கொள்வதோடு சரி. அந்தப் பனி விழுந்த வாரம் நேபாள மலைகளில் இறந்தவர்கள் குறைந்தது 43 பேர் என்பது பிறகு தெரிந்தது.

இந்த மாதத்திலிருந்து வெளிநாட்டினர் வழிகாட்டி இல்லாமல் மலைநடை போகக் கூடாது என்று நேபாளம் விதி கொண்டுவந்திருக்கிறது. நல்ல விதிதான். ஆனால் 2014இல் இறந்தவர்களில் அந்த மண்ணின் வழிகாட்டிகளும் சுமைதூக்கிகளும் உண்டு. கீழே தெரிந்த செய்தி மேலே போகாதவரை, மலையை அறிந்தவரும் சாகத்தான் செய்வார். மனாங், பேடி, முக்திநாத் என ஒவ்வொரு தங்கலிலும் அன்றைய வானிலை அறிவிப்பு சுவரில் ஒட்டப்பட வேண்டும். அக்டோபரில் இமயத்துக்குக் கிளம்புகிற நம்மவர்களே, மலைக்கு மேலிருக்கும் வானத்தோடு வங்கக்கடலையும் தினமும் பாருங்கள். அங்கே புயல் சின்னம் இருந்தால், எந்த ஊரில் இருக்கிறீர்களோ அங்கேயே தங்கிவிடுங்கள்.