குண்டு பல்பும் கண்டன்சரும்

என் கணினி, ரிச்சி தெருவில் ரிப்பேர் கடை வைத்திருக்கும் பாயின் மேசையில் மூன்றாவது நாளாக ஓடிக்கொண்டிருந்தது. வீட்டில் வாரத்துக்கு நாலைந்து தடவை பட்டென்று அணைந்து, தானே மறுபடி உயிர்பெறும் அதே பெட்டி. இங்கே வந்தபிறகு ஒரு தடவைகூடச் சிணுங்கவில்லை.

"நல்லாத்தான் ஓடுது சார். எடுத்துட்டுப் போறீங்களா?" என்றார் பாய். கேட்டாரே தவிர, கழற்றி வைத்த பக்கத்துத் தகட்டை அவர் கை தொடவில்லை.

ரிச்சி தெரு அண்ணா சாலையிலிருந்து பிரியும் சின்னத் தெரு. நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு என அக்கம்பக்கத்தையும் அந்தப் பெயராலேயே சொல்வது சென்னை வழக்கம். ரேடியோ சாமான்களில் தொடங்கி டிவி, டேப் ரெக்கார்டர், கணினி, செல்போன், சிசிடிவி கேமரா என்று காலத்துக்குக் காலம் சரக்கு மாறியிருக்கிறது. கடைவாசலில் நின்று "என்ன சார் வேணும், சர்வீஸா?" என்று இழுக்கும் பையன்களைத் தாண்டி, ஒருவர் ஏறினால் இன்னொருவர் இறங்க முடியாத படிக்கட்டில் ஏறினால் பாயின் கடை. அவருடைய அத்தா இதே அறையில் வால்வு ரேடியோ பார்த்தவர். அதனாலோ என்னவோ அங்கே கெப்பாசிட்டர் என்று யாரும் சொல்வதில்லை, கண்டன்சர்தான்.

அங்கே போய்ச் சேர்வதற்கு முன் நான் பட்டது ஒரு கதை. எங்கள் தெருமுனையில் ஒருவர் பார்த்தார். வந்த வேகத்தில் ரேமை மாற்றினார், ஹார்ட் டிஸ்க்கை மாற்றினார், விண்டோஸைப் புதிதாகப் போட்டார். எல்லாம் ஒரே மாலையில். ஒரு வாரம் ஒழுங்காக ஓடியது. எட்டாம் நாள் பழைய குருடி கதவைத் திறடி. அவரைக் கேட்டால், "இனி போர்டுதான் சார் மாத்தணும்" என்றார்.

இதைச் சொன்னபோது பாய் சிரிக்கவில்லை. "ஒரு தடவைக்கு ஒண்ணுதான் சார் மாத்தணும். மூணையும் சேத்து மாத்திட்டா எது வியாதின்னு யாருக்குத் தெரியும்?" என்றார். பிறகு, "அவர சொல்லிக் குத்தமில்ல. கண்டுபிடிச்சதுக்கு யார் சார் காசு தர்றாங்க? மாத்தினதுக்குத்தான் தர்றாங்க. 'சும்மா பாத்ததுக்கா முந்நூறு ரூபா'ன்னு கேப்பாங்க" என்றார்.

மூன்று நாளும் வேலைக்கு நடுவே அங்கே போய் உட்கார்ந்திருந்தேன். மெமரியைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்டை ராத்திரி முழுக்க ஓடவிட்டார். அது ரேமின் ஒவ்வொரு கட்டத்திலும் எதையாவது எழுதி, திரும்பப் படித்து, எழுதியதும் படித்ததும் ஒன்றா என்று பார்க்கும். காலையில் பிழை பூஜ்யம். ரேமின் தங்க முலாம் பூசிய கால்களை ஸ்கூல் ரப்பரால் தேய்க்கும் சடங்கைக்கூட அவர் செய்யவில்லை. "தேய்ச்சா ரெண்டு மாத்தினதாயிடும்." பிராசசர் மேலிருந்த ஃபேனைக் கழற்றினார். அடியில் காய்ந்து சுண்ணாம்பாகியிருந்த, சூடு கடத்தும் பேஸ்ட்டைப் பார்த்தார். வழித்துப் புதிது வைக்காமல் அப்படியே திரும்ப மாட்டி, முழு லோடில் ஒரு மணி நேரம் ஓட்டிச் சூட்டை அளந்தார். 78 டிகிரி. அதிகம்தான், ஆனால் அணைகிற சூடு இல்லை. அதன் பிறகுதான் பேஸ்ட்டை மாற்றினார்.

எதிர் மேசையில் பாலிடெக்னிக் முடித்த ஒரு பெண் மைக்ராஸ்கோப்பில் கண் பதித்து லேப்டாப் போர்டு ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மில்லிமீட்டர் நீளம், அரை மில்லிமீட்டர் அகலம், அவ்வளவுதான் அந்த ரெசிஸ்டர். ஹாட் ஏர் கன் காற்றில் ஈயம் இளகும் வரை மூச்சை அடக்கி, ட்வீசரால் எடுத்து வைத்துவிட்டுத்தான் விட்டார். "தும்மினா அவ்வளவுதான் சார், தரையில தேடவே முடியாது" என்றார். அவர் பக்கத்தில் இன்னொரு போர்டு கிடந்தது. மேலே கருகி ஒட்டிய ஒரு பல்லி. சென்னை வீடுகளில் கணினி சாவதற்குப் பல்லியும் ஒரு காரணம் என்று இங்கேதான் தெரிந்துகொண்டேன். சூட்டுக்காக உள்ளே நுழையும், இரண்டு காலைச் சேர்த்து மிதிக்கும், தானும் போய்ப் போர்டையும் கொண்டுபோகும். தலையில் விழுந்தால் இன்ன பலன், தோளில் விழுந்தால் இன்ன பலன் என்று போடும் பஞ்சாங்கக்காரர்கள் மதர்போர்டை விட்டுவிட்டார்கள்.

பாய் என்னிடம் முதலில் கேட்டது ஒரே கேள்வி. "நீல ஸ்கிரீன் வருதா, வராமலே ஆஃப் ஆகுதா?"

வராமலேதான். அது போதும் என்பதுபோல ஈவென்ட் வியூவரைத் திறந்தார். விண்டோஸ் தனக்கு நடந்ததையெல்லாம் எழுதிவைக்கும் நாட்குறிப்பு அது. சொல்லாமல் கொள்ளாமல் அணைந்து எழுந்தால் 41 என்ற எண்ணில் ஒரு பதிவு விழும். மென்பொருளோ டிரைவரோ இடறி விழுந்திருந்தால் அதற்கான பிழைக்குறி அந்தப் பதிவுக்குள் இருக்கும். என் கணினியில் அந்த இடத்தில் எல்லாமே பூஜ்யம். விழுந்தது தனக்கே தெரியாமல் விழுந்திருக்கிறது. "கரண்ட் பக்கம்தான் சார் பாக்கணும்."

அடுத்து 6008 என்ற எண்ணுள்ள பதிவுகளை மட்டும் பிரித்தார். எதிர்பாராமல் அணைந்த நேரத்தை அவை சொல்லும். எப்போதெல்லாம் அணைகிறது என்று கேட்டால் "எப்பவும்தான்" என்று நான் சத்தியம் செய்திருப்பேன். பதிவோ வேறு சொன்னது: 5.52, 5.58, 6.04, 5.49... பதினேழு தடவையில் பதினான்கு, விடிகாலை ஆறு மணியை ஒட்டி. நான் மெய்ப்புத் திருத்துவது அந்த நேரத்தில்தான்.

"அந்த நேரத்துல வீட்ல வேற என்ன ஓடும்?"

எனக்குத் தெரியவில்லை. "ஞாயித்துக்கிழம கடை லீவு. பெட்டிய எடுத்துட்டுப் போய் மாட்டி வைங்க, நானே வர்றேன்" என்றார்.

எங்கள் வீடு மேற்கு மாம்பலத்தில் பழைய கட்டடம். வீட்டுக்காரர் மாடியில், நாங்கள் கீழே. ஞாயிறு ஐந்தரைக்கெல்லாம் ஸ்கூட்டரில் வந்துவிட்டார். கையில் மல்டிமீட்டர், ஹோல்டரில் மாட்டிய 100 வாட் குண்டு பல்பு ஒன்று. மேசைக்கடியில் நான் கால் வைக்கும் யுபிஎஸ்ஸைப் பார்த்து, "இதுக்கு உயிர் இருந்தா நான் வந்திருக்கவே வேணாம்" என்றார். பேட்டரி போய் இரண்டு வருஷம் ஆகிறது.

கணினிக்குப் பக்கத்துப் பிளக்கில் அந்த பல்பைப் போட்டார். மேலே எல்இடி டியூப், கீழே மஞ்சள் வெளிச்சம். காப்பி குடித்தோம். ஆறுக்கு மூன்று நிமிஷம் இருக்கும்போது கொல்லைப்பக்கத்தில் டக்கென்று ஒரு சத்தம். குண்டு பல்பு ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தது. எல்இடி அசையவில்லை, ஃபேன் அசையவில்லை. கணினி அணைந்து எழுந்தது.

மோட்டார். வீட்டுக்காரர் மாமா மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் ஒரு எச்பி மோட்டார். ஓடத் தொடங்கும் நொடியில் அது வழக்கமாக இழுப்பதைப்போல ஐந்தாறு மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். பழைய மெல்லிய வயரில் அத்தனையும் ஒரே சமயத்தில் பாயும்போது வோல்டேஜ் குழிவிழும். மீட்டரில் 226 இருந்தது 191-க்கு இறங்கி ஏறியது. "மீட்டர் மெதுவா பாக்கும் சார். உண்மையில இன்னும் கீழ போயிருக்கும்."

எனக்கு இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. தெருமுனைக்காரர் எல்லாவற்றையும் மாற்றிய பிறகு ஒழுங்காக ஓடிய அந்த ஒரு வாரம் மாமா ஊரில் இல்லை. அவர் மகன் எழுந்து மோட்டார் போடுவது பத்து மணிக்கு மேல். அந்நேரம் நான் ஆபீசில்.

இத்தனை வருஷம் இது ஏன் கண்ணில் படவில்லை? சிறுவயதில், மோட்டார் போட்டால் விளக்கு மங்கும், எல்லோருக்கும் தெரியும். "எவன்டா மோட்டார் போட்டது" என்று தாத்தா கத்துவார். குண்டு பல்பு வெளிச்சம் மட்டும் தரவில்லை. வீட்டின் வோல்ட்மீட்டராகவும் இருந்திருக்கிறது. எல்இடி தனக்கு வரும் மின்சாரத்தை உள்ளேயே சமன்செய்துகொண்டு ஒன்றும் நடக்காததுபோல எரிகிறது. நாமும் ஒன்றும் நடக்கவில்லை என்று நினைத்துக்கொள்கிறோம்.

நான் உடனே, "அப்ப எர்த் சரியில்லையோ? கேபினட்டத் தொட்டா சுருக்குங்குதே" என்று எனக்குத் தெரிந்ததைச் சேர்த்தேன். பாய் அதையும் பார்த்தார். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே பளீரென்று எரிந்த பல்பு, ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே வைத்தபோது தணல்போல மினுங்கியது. எர்த் குழியில் கரியும் உப்பும் போட்டு எத்தனை வருஷமோ. எர்த் இல்லாத எஸ்எம்பிஎஸ்ஸில், அதாவது கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டியில், இரைச்சலை வடிகட்ட வைத்திருக்கும் சின்னக் கண்டன்சர்கள் வழியாகக் கசிவது வெளித்தகட்டுக்கு வந்து கையைக் கிள்ளும். "இது வேற வியாதி சார். இதையும் பாக்கணும், ஆனா அதுக்கும் இதுக்கும் முடிச்சுப் போடாதீங்க" என்றார். அன்று முழுவதும் அவர் செய்ததில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். கையில் கிடைத்த குற்றவாளி தலையில் எல்லா வழக்கையும் போட்டுவிடாமல் இருப்பது சுலபமில்லை.

ஆனால் அதே வீடு, அதே மோட்டார், போன வருஷம் வரை கணினி அணையவில்லையே? அதற்கு விடை, திங்கட்கிழமை பெட்டியை மறுபடி கொண்டுபோனபோது கடையில் கிடைத்தது.

எஸ்எம்பிஎஸ்ஸைத் தனியே கழற்றி, கடைசிச் சோதனையாக சீரிஸ் பல்பில் மாட்டினார். வரும் மின்சாரம் குண்டு பல்பு வழியாகத்தான் எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் போகும். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழுதாக எரியும், ஃபியூஸ் தப்பிக்கும். இல்லையென்றால், உள்ளேயிருக்கும் பெரிய கண்டன்சர்கள் நிரம்பும்வரை பளிச்சிட்டு அடங்கும். எங்களுடையது பளிச்சிட்டு அடங்கியது. பக்கத்தில் ஒரு புதியதை மாட்டிக் காட்டினார். அது அடங்கச் சற்று நேரம் எடுத்தது. எனக்கு வித்தியாசம் இரண்டாம் தடவைதான் தெரிந்தது. "பாத்தீங்களா, நம்முளுது வாயி வச்ச உடனே வயிறு ரொம்பிடுச்சு. பான சின்னதாயிடுச்சு."

திறந்ததும் முதலில் கண்டன்சர் கால்களில் பல்பு வயரை வைத்து, தங்கியிருந்ததை வடித்தார். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் காத்திருக்கலாம். அவர் வலது கட்டைவிரலில் ஒரு வெள்ளைத் தழும்பு உண்டு, கேட்கவில்லை. உள்ளே கட்டைவிரல் பருமனில் இரண்டு கண்டன்சர்கள். மேலே 470 மைக்ரோஃபாரட் என்று அச்சிட்டிருந்தது. கழற்றி அளந்தால் ஒன்று 290, மற்றது 265. உள்ளேயிருக்கும் திரவம் வருஷக்கணக்கில் உலர்ந்துபோயிருக்கிறது. இவை வேலை செய்யும் சூடு பத்து டிகிரி ஏறினால் ஆயுள் பாதியாகும் என்பது கணக்கு. சென்னை மே மாதத்தில், தூசி அடைத்த ஃபேனுக்குப் பின்னால், எத்தனை பத்து டிகிரி!

மின்சாரம் தடைப்படும்போது சேர்த்துவைத்ததைக் கொண்டு சமாளிப்பது இந்தக் கண்டன்சர்களின் வேலை. நல்ல நிலையில் முழு லோடிலும் சுமார் 16 மில்லிசெகண்ட் தாங்க வேண்டும். நம் மின்சாரத்தின் ஒரு சுற்று 20 மில்லிசெகண்ட். கிட்டத்தட்ட ஒரு சுற்றே காணாமல் போனாலும் கணினிக்குத் தெரியக் கூடாது. பானை சுருங்கச் சுருங்க அந்தத் தாங்கும் நேரமும் சுருங்கியிருக்கிறது. மோட்டார் தோண்டும் குழி என்றும் உள்ளதுதான். அதைத் தாண்டும் கால்தான் தளர்ந்துவிட்டது. தாண்ட முடியாத நொடியில், எல்லாம் சரி என்று போர்டுக்குச் சொல்லும் சாம்பல் நிற வயரில் சமிக்ஞை விழும், போர்டு உடனே ரீசெட் ஆகும்.

2000-க்குப் பிறகு சில வருஷம், உள்ளிருக்கும் திரவம் கோளாறான கண்டன்சர்கள் உலகம் பூராவும் மதர்போர்டுகளைச் சாய்த்தன. "தினம் இருபது போர்டு வரும் சார். தல வீங்கிப் பழுப்பா கக்கி வச்சிருக்கும். பாத்த உடனே சொல்லிடலாம். இது வீங்காம, கக்காம, கமுக்கமா சாவுது" என்றார் பாய். அந்தக் காலத்தை நினைக்கும்போது அவர் முகத்தில் ஒரு திருப்தி. வேலை இருந்த காலம்.

இரண்டு கண்டன்சரை மட்டும் மாற்றலாமே என்றேன். நூறு ரூபாய்கூட ஆகாது. "மத்ததெல்லாம் இதே வயசு சார். ராத்திரி ஓடவிட்டுத் தூங்கறவரு நீங்க" என்று மறுத்துவிட்டார். புதிய எஸ்எம்பிஎஸ் 2,400, வீட்டுக்கு வந்து பார்த்ததற்கு 300. நான் ஐந்நூறாகக் கொடுத்தேன். இருநூறைத் திருப்பித் தந்தார்.

எர்த்துக்கும் மோட்டாருக்குத் தனி வயர் இழுப்பதற்கும் மாமாவிடம் சொல்லியிருக்கிறேன். பார்க்கலாம் என்றிருக்கிறார். அவருடைய 'பார்க்கலாம்' எனக்குப் பதினோரு வருஷப் பழக்கம்.

படியிறங்கும்போது பாய் கூப்பிட்டார். "சார், வீட்ல எங்கயாவது குண்டு பல்பு கெடந்தா தூக்கிப் போட்றாதீங்க. கடையில கேட்டா சிரிக்கிறான். கைவசம் ரெண்டுதான் இருக்கு."

அடுத்த சனிக்கிழமை பரணில் தேடினேன். அம்மாவின் பழைய டிரங்குப் பெட்டிக்குப் பின்னால், அட்டைக்கூட்டோடு ஒரு 60 வாட் கிடந்தது. செய்தித்தாளில் சுற்றி எடுத்துப்போய்க் கொடுத்தேன். பாய் அட்டையிலிருந்து உருவி, சட்டை நுனியால் தூசியைத் துடைத்து, காதருகே வைத்து மெல்ல ஆட்டிப் பார்த்தார். சத்தமில்லை.