நிற்கத் தெரிந்த கார்

என் அக்கா பையன் செகண்ட் ஹேண்டில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினான். இரண்டே ஸீட். ஏறி உட்காரக் கொஞ்சம் யோகாசனம் தெரிந்திருக்க வேண்டும். வாங்கின மறுவாரமே 17 அங்குலச் சக்கரங்களைக் கழற்றிவிட்டு, பளபளவென்று 19 அங்குல அலாய் வீல் போட்டான். விறைப்பான ஸ்பிரிங் மாட்டி, காரைத் தரையோடு தாழ்த்தினான். பிரேக்குக்கு? சிவப்பு பெயின்ட். கவனியுங்கள், பெயின்ட் மட்டும்.

“மாமா, இருங்காட்டுக்கோட்டை டிராக்ல ஓட்டப்போறேன். நீங்களும் வாங்க.”

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் 1990-ல் திறந்த ரேஸ் டிராக் அது. அதற்கு முன் சென்னைக்காரர்களுக்கு ரேஸ் என்றால் சோழவரத்துப் பழைய விமான ஓடுதளம்தான். இங்கே ஒரு சுற்று 3.7 கிலோமீட்டர், 12 திருப்பங்கள். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன்.

மூன்று சுற்று சொர்க்கம். நான்காவதில் நேர்ப்பாதை முடியுமிடத்தில் முள் 170-ஐக் காட்ட, பிரேக்கை மிதித்தான். பெடல் பஞ்சு மாதிரி தரைவரை போனது. வேகம் குறையவில்லை. மறுபடி மறுபடி மிதித்தான், கியரைக் குறைத்தான். கார் டிராக்கைவிட்டு மண்ணில் இறங்கி, டயர் அடுக்கிய சுவருக்குக் கொஞ்சம் முன்னால் நின்றது. புழுதி அடங்கும்வரை இருவரும் பேசவில்லை. பிறகு அவன் சொன்ன முதல் வாக்கியம்: “அம்மாகிட்ட சொல்லிடாதீங்க மாமா.”

என்ன நடந்தது? சின்னக் கணக்கு. 1,400 கிலோ காரை 170-லிருந்து 70-க்குக் கொண்டுவந்தால், கழித்த வேகமெல்லாம் பிரேக்கில் சூடாகிறது. நாலு லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்கவைக்கும் சூடு, நாலைந்து நொடியில்! ஒரு சுற்றில் இப்படிப் பல தடவை. ஆறுவதற்கு அவகாசமே இல்லை.

புதுப்பேட்டையில் ஒரு பழைய ரேஸ் மெக்கானிக்கிடம் போனோம். பிரேக் ஆயில் டப்பாவைத் திறந்து பார்த்தார். கடுங்காப்பி நிறம்.

“இத மாத்தி எத்தினி வருஷமாச்சு தம்பி?”

தம்பிக்குத் தெரியவில்லை. பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை மெள்ள உறிஞ்சிக்கொள்ளும் ஜாதி. புதிய டாட் 4 ஆயில் 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறினால் 155 டிகிரியே அதற்கு அதிகம். கொதித்தால் குமிழ். திரவத்தை அமுக்க முடியாது, குமிழை முடியும். காலின் பலமெல்லாம் குமிழை நசுக்குவதிலேயே போய்விடுகிறது.

பெரியவர் வரிசை சொன்னார். முதலில் ஆயில், அப்புறம் சூடு தாங்கும் பேடு, அப்புறம் டயர், கடைசியில்தான் சஸ்பென்ஷன். 19 அங்குல வீலைக் கழற்றச் சொன்னார். கனமான சக்கரம் குழியில் எகிறினால் ஷாக் அப்சார்பரால் அதைச் சட்டென்று அடக்க முடியாதாம். விறைத்த ஸ்பிரிங்குக்கும் அதே வியாதி. “டயரு தரையத் தொட்டாத்தான் தம்பி வேல செய்யும்.” நல்ல ஷாக் அப்சார்பர் போட்டு, சக்கரத்தின் மேல்பக்கத்தைத் துளி உள்ளே சாய்த்தார். திருப்பத்தில் கார் சாயும்போது டயர் முழுசாகத் தரையில் பதிவதற்காக.

ஆயிலும் பேடும் சேர்த்து, அந்த அலாய் வீல் ஒன்றின் விலைகூட ஆகவில்லை!

1953-ல் லே மான்ஸ் 24 மணி நேர ரேஸில் ஜாகுவார் ஜெயித்ததற்கு முக்கியக் காரணம் அதன் டிஸ்க் பிரேக். மற்றவர்களைவிடத் தாமதமாக பிரேக் பிடிக்க முடிந்தால், அதுவரை வேகமாக ஓடலாம் இல்லையா?

‘நமக்கெதுக்கு இதெல்லாம், நம்மிடம் இருப்பது குடும்பக் கார்’ என்கிறீர்களா? அதற்குள்ளும் அதே ஆயில்தான். மசினகுடியிலிருந்து ஊட்டி போகும் கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். இறங்கும்போது கியரைக் குறைக்காமல் பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால், ரேஸ் டிராக் உங்களைத் தேடி வரும். அங்கே டயர்ச் சுவர் கிடையாது. இரண்டு வருஷத்துக்கு ஒரு தரம் ஆயிலை மாற்றிவிடுங்கள்.

போன வாரம் அக்கா காரைச் சுற்றிவந்து பார்த்தாள். “இவ்ளோ செலவு பண்ணியிருக்கான், பழைய சக்கரம்தானே இருக்கு? ஒண்ணுமே தெரியலையேடா!”

“தெரியாதுக்கா” என்றேன். நல்லவேளை, அவள் இந்தப் பக்கத்தைப் படிப்பதில்லை.